உன் சீலம் பெரிதா, பெற்ற பிள்ளை பெரிதா?

வாசகர் கேள்வி:

சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கிறோம். எனக்கு வயது 46. கூட வேலை செய்யும் சீனத் தோழியோடு கொஞ்ச காலமாக ஒரு பௌத்த விகாரைக்குப் போய் வருகிறேன். இந்த விசாக தினத்தன்று பஞ்சசீலம் (கொலை, திருட்டு, தகாத உறவு, பொய், மது ஆகியவற்றை விலக்கும் ஐந்து நெறிகள்) எடுத்துக்கொண்டேன். என் மகனுக்கு 19 வயது. ஐடிஇ தொழிற்கல்விப் படிப்பை முடித்துவிட்டுத் தேசிய சேவை எனும் கட்டாயப் பணிக்குக் காத்திருக்கிறான். டெலிகிராமில் பழக்கமான ஒருவனுக்கு 400 வெள்ளிக்குத் தன் வங்கிக் கணக்கையும் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளக் கணக்கு) விவரங்களையும் கொடுத்திருக்கிறான். ஆன்லைன் வியாபாரத்துக்கு என்று அவன் சொன்னானாம். இப்போது வங்கி கணக்கை முடக்கிவிட்டது. அடுத்த வாரம் விசாரணைக்கு வரும்படி காவல்துறை அழைத்திருக்கிறது.

விஷயம் தெரிந்ததும் என் கணவர் பையனை இடுப்பு வாரால் அடித்துவிட்டார். அப்புறம் அவரே, "கைப்பேசி தொலைஞ்சுபோச்சு, யாரோ எடுத்துப் பயன்படுத்திட்டாங்கன்னு சொல்லு. உன் அம்மாவும் அப்படியே சொல்லட்டும்" என்கிறார். நான் பொய் சொல்ல மாட்டேன் என்றதற்கு, "உன் சீலம் பெருசா, பெத்த பிள்ளை பெருசா?" என்று கேட்டார். விசாகத்துக்குப் பிறகு அவர் வாங்கி வைத்த பீரை இரண்டு முறை தொட்டியில் ஊற்றியிருக்கிறேன். அந்தக் கோபமும் அவருக்கு உண்டு. நம் சாமியை விட்டதால்தான் இப்படி என்கிறார் மாமியார். மகன் அறையை விட்டு வெளியே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. 2,500 ஆண்டுகளுக்கு முன் சொன்ன ஐந்து விதிகள் டெலிகிராம், சிங்பாஸ் காலத்துக்கு உதவுமா? நான் என்ன செய்யட்டும்?

ஆலோசகர் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு வருமுன், கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். மகன் அறையை விட்டு வெளியே வருவதில்லை, சாப்பிடுவதில்லை என்கிறீர்கள். மற்றதெல்லாம் அடுத்த வாரம் வரை பொறுக்கும், இது பொறுக்காது. இன்று இரவே கதவைத் தட்டி உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்காருங்கள். திட்டாமல், புலம்பாமல், நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா கண்ணா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. மனதில் இருந்தால் வெளியே வரும், இல்லையென்றால் "என்னம்மா பேசுற" என்பான். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அவனைத் தனியே விடாதீர்கள். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்று தெரிந்தால் 995.

அடிபட்ட இடத்தையும் பாருங்கள், காயமிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் சீலம் கொல்லாமை. அதை ஆடு, கோழி, எறும்பு என்ற அளவில் நிறுத்திவிடுவது நம் வழக்கம். பழைய பௌத்த நூல்களில் அந்தச் சீலத்தைக் காப்பவரைப் பற்றிச் சொல்லும்போது, கோலையும் வாளையும் கீழே வைத்தவர், எல்லா உயிர்களின் நன்மையிலும் இரக்கம் கொண்டவர் என்று வருகிறது. வாளுக்கு முன்னால் கோலைச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் வாள் கிடையாது, ஆனால் பிரம்பும் இடுப்பு வாரும் உண்டு. 19 வயதுப் பையனை வாரால் அடித்தால் அவன் திருந்துவதில்லை. அடுத்த முறை சிக்கலில் மாட்டும்போது யாரிடம் சொல்லக் கூடாது என்பதைத்தான் கற்றுக்கொள்கிறான். உங்கள் கணவர் பயத்தில் அடித்திருக்கிறார் என்று புரிகிறது. மறுபடி கை ஓங்கினால் நீங்கள் நடுவில் வந்து நிற்பதில் தவறே இல்லை.

சரி, இப்போது பொய்க்கு வருவோம்.

சொல்லாதீர்கள். சீலத்தை முழுக்க ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் என் பதில் இதுதான். கைப்பேசி தொலைந்தது என்ற கதை விசாரணையில் நிற்காது. டெலிகிராம் உரையாடல் எதிராளியின் பக்கமும் இருக்கும். எந்தக் கருவியிலிருந்து எப்போது கணக்கில் நுழைந்தார்கள் என்ற பதிவு வங்கியிடம் இருக்கும். 400 வெள்ளி எப்படி வந்தது என்பதற்கும் தடயம் இருக்கும். தொலைந்ததாகச் சொல்லும் நாளுக்குப் பிறகு அதே கைப்பேசியிலிருந்து அவன் நண்பனுக்கு அனுப்பிய குறுஞ்செய்தி ஒன்று போதும், கதை அங்கேயே கிழிந்துவிடும். தெரிந்தே காவல்துறையிடம் பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம். இன்றைக்கு ஒரு பிள்ளையின் வழக்கு. நீங்களும் அதே பொய்யைச் சொன்னால் தாயும் பிள்ளையுமாக இரண்டு பேர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சட்டம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். 2024-ல் மட்டும் சிங்கப்பூரில் 51,000-க்கும் மேற்பட்ட மோசடிச் சம்பவங்களில் குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி பறிபோனது. அந்தப் பணம் வெளியே போக உள்ளூர்க் கணக்குகள் வேண்டும். அதற்குத்தான் உங்கள் மகனைப் போன்ற பையன்களைத் தேடுகிறார்கள். 2023-ல் நிறைவேறிய சட்டத் திருத்தங்களின்படி, குற்றத்துக்கு உதவும் வகையில் சிங்பாஸ் விவரத்தைக் கொடுப்பவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். "எனக்கு எதுவும் தெரியாது" என்பதோடு தப்பிக்கவும் முடியாது. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் அலட்சியமாக இருந்ததையே இப்போது சட்டம் கேள்வி கேட்கிறது.

இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. 21 வயதும் அதற்குக் கீழும் உள்ள இளையர்கள் விஷயத்தில், அவர்கள் திருந்தி வாழ வழி உண்டா என்பதைத்தான் நீதிமன்றங்கள் பொதுவாக முதலில் பார்க்கின்றன. ஒத்துழைத்தது, உண்மையைச் சொன்னது, குடும்பம் பின்னால் நிற்பது, இதெல்லாம் கணக்கில் வரக்கூடியவை. என்ன நடக்கும் என்று நான் உறுதி தர முடியாது. பொய் இந்த நல்ல அம்சங்கள் ஒவ்வொன்றையும் கெடுத்துவிடும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

விகாரையில் உங்களுக்குச் சொல்லியிருக்கலாம், இல்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பொய்யைப் பற்றிப் புத்தர் மிக விரிவாகப் பேசியது தன் சொந்த மகனிடம். ராகுலன் அப்போது துறவியாகிவிட்ட சிறுவன். தந்தை வருவதைப் பார்த்து ஆசனம் போட்டு, கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைக்கிறான். புத்தர் கால் கழுவிவிட்டு, பாத்திரத்தில் கொஞ்சமே தண்ணீரை மீதம் வைத்துக் காட்டி, "இதில் எவ்வளவு இருக்கிறது, பார்த்தாயா?" என்கிறார். தெரிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனின் துறவும் இவ்வளவுதான் என்கிறார். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டுகிறார். பாத்திரத்தைக் கவிழ்க்கிறார். மறுபடி நிமிர்த்தி வெறுமையாக இருப்பதைக் காட்டுகிறார். ஒவ்வொரு முறையும் அதே பேச்சு. விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று முடித்துவிட்டு, "கண்ணாடி எதற்கு, ராகுலா?" என்று கேட்கிறார். பார்ப்பதற்கு என்கிறான் பையன். அதே போல ஒரு செயலைச் செய்யுமுன் பார், செய்யும்போது பார், செய்தபின்னும் பார், அது உனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா என்று பார் என்கிறார்.

அதில் மூன்றாவதாக வருவதுதான் உங்கள் வீட்டுக்கு வேண்டியது. செய்து முடித்தபின் அது தீங்கானது என்று தெரிந்தால் என்ன செய்வது? ஆசிரியரிடமோ அறிவுள்ள துணையிடமோ மறைக்காமல் சொல்ல வேண்டும், இனிமேல் அதிலிருந்து விலகியிருக்க வேண்டும். மகனை எதிரே உட்கார வைத்து ஒரு தந்தை சொல்லிக்கொடுத்தது இது. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தவிர வேறெதையும் அவர் கையில் எடுக்கவில்லை. இந்தக் கதையை உங்கள் கணவரிடம் உபதேசமாகச் சொல்ல வேண்டாம். மகனிடம் சொல்லுங்கள், அவருக்கும் காதில் விழட்டும்.

ஆனால் ஒன்று. பொய் சொல்லாமல் இருப்பது வேறு, எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டுவது வேறு. உண்மையாக இருந்தாலும் பயன் உண்டா, நேரம் சரியா என்று பார்த்தே புத்தர் பேசினார் என்று நூல்கள் சொல்கின்றன. கீழ்வீட்டு அக்காவுக்கும், கல்யாண வீட்டில் "பையன் என்ன பண்றான்?" என்று விசாரிக்கும் உறவினருக்கும் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "தேசிய சேவைக்குக் காத்திருக்கிறான்" என்பது முழு உண்மை. காவல்துறை விஷயத்திலும் அப்படித்தான். உண்மையைச் சொல்வதென்றால் யாரிடமும் கலந்து பேசாமல் ஓடிப்போய் உளறுவது என்று பொருள் இல்லை. அந்த நாளுக்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். புரோ போனோ எஸ்ஜி அமைப்பு இலவசச் சட்ட ஆலோசனை நேரங்களை நடத்துகிறது, முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். குற்றம் சாட்டப்படும் நிலை வந்தால், வசதி குறைந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வாதாட 2022 இறுதியிலிருந்து அரசாங்கமே ஒரு தற்காப்பு அலுவலகத்தை நடத்திவருகிறது.

டெலிகிராம் உரையாடலை அழிக்கக் கூடாது என்று மகனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். பயத்தில் பையன்கள் முதலில் செய்வது அதைத்தான். ஆதாரத்தை அழித்தது வேறொரு சிக்கலாகிவிடும். சிங்பாஸ் கடவுச்சொல்லை உடனே மாற்றச் சொல்லுங்கள். வாக்குமூலம் கொடுத்தபின் அதை அவனுக்குப் படித்துக் காட்டுவார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாமல், தான் சொன்னதுபோல் இல்லாத இடத்தைத் திருத்தச் சொல்லலாம். ஆங்கிலத்தில் தடுமாறுவான் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். உங்களையும் விசாரித்தால் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்பதும் உண்மைதான்.

இனி அந்த 400 வெள்ளி. "நான் யாருடைய பணத்தையும் எடுக்கலையே, என் கணக்கைத்தானே கொடுத்தேன்" என்று உங்கள் மகன் சொல்லியிருப்பான். இந்த வயதில் எல்லாரும் சொல்வது இது. இரண்டாவது சீலம் இந்த இடத்தில் மிகவும் கூர்மையானது. தரப்படாததை எடுக்காதிருப்பது என்பது விதி. அந்தக் கணக்கு வழியாகப் போன பணம் யாரோ ஒருவருடையது. மத்திய சேம நிதியிலிருந்து எடுத்த சேமிப்பை வங்கி அதிகாரி என்று பேசியவனிடம் இழந்த ஒரு தாத்தாவாக இருக்கலாம், இரண்டாண்டுச் சம்பளத்தைச் சேர்த்து ஊருக்கு அனுப்ப வைத்திருந்த ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளியாக இருக்கலாம். அவர் தன் கையாலேயே அனுப்பியிருந்தாலும் அது கொடுத்ததாகாது, ஏமாந்தது.

அதே நேரம் பையனுக்கு நியாயமாகவும் இருக்க வேண்டும். எண்ணத்தையே நான் வினை என்கிறேன் என்றார் புத்தர். பிறர் பொருள் என்று தெரிந்து, திருடும் எண்ணத்தோடு எடுத்தால்தான் இரண்டாவது சீலம் முழுதாக முறிகிறது என்று பௌத்த உரையாசிரியர்களும் விளக்குகிறார்கள். உங்கள் மகன் உண்மையாகவே வியாபாரம் என்று நம்பியிருந்தால் அவனைத் திருடன் என்று கூப்பிடாதீர்கள். கணவரும் கூப்பிட வேண்டாம். ஆனால் அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சும்மா கணக்கைக் கொடுத்ததற்கு 400 வெள்ளி தருகிறானே, ஏன் என்று ஒரு நிமிடமாவது தோன்றியதா? தோன்றியது, ஆனால் யோசிக்கவில்லை என்று அவன் சொன்னால், அதுதான் உண்மையான பேச்சு தொடங்கும் இடம். தெரியாமல் இருப்பதற்கும், தெரிந்துகொள்ள வேண்டாம் என்று விட்டுவிடுவதற்கும் இடையே உள்ள தூரத்தை அவனே கண்டுபிடிக்கட்டும். இதை நீங்கள் சொல்லிக்கொடுத்தால் பாடமாகிவிடும்.

பணத்தில் மிச்சம் இருந்தால் தொடக்கூடாது. செலவாகியிருந்தால், பகுதிநேர வேலைக்குப் போய் அவனே சம்பாதித்துத் தனியே எடுத்து வைக்கட்டும். எப்படி ஒப்படைப்பது என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களோ அவன் அப்பாவோ அதைக் கட்டிவிட வேண்டாம்.

மூன்றாவது சீலத்துக்கு உங்கள் கடிதத்தில் வேலையில்லை, விட்டுவிடுகிறேன்.

ஐந்தாவதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கணவர் காசு கொடுத்து வாங்கிய பீரைத் தொட்டியில் ஊற்றினீர்களே, அது எந்தச் சீலத்தில் வருகிறது? விகாரையில் நீங்கள் சொன்ன வார்த்தைகளை நினைத்துப் பாருங்கள். மதுவிலிருந்து விலகியிருக்கும் பயிற்சியை நான் ஏற்கிறேன் என்றுதான் சொன்னீர்கள். யார் வீட்டிலும் யாரும் குடிக்கக் கூடாது என்று ஆணையிடவில்லை. ஐந்தையும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஏற்கும் பயிற்சி அது, பிழையானால் மறுபடி எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. அதைக் கையிலெடுத்து வீட்டிலுள்ளவர்களை அளக்கத் தொடங்கினால் அவர்களுக்குச் சீலம் என்ற சொல்லே கசந்துபோகும். உங்கள் கணவர் கேட்ட கேள்வியில் பாதிக் கோபம் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் குடித்துவிட்டுச் சண்டை போடுகிறாரா, சம்பளம் அதில் கரைகிறதா, அடித்த அன்று குடித்திருந்தாரா, இதையெல்லாம் நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் அதற்குத் தனியாக உதவி தேட வேண்டும், பீரைக் கொட்டுவது மருந்தாகாது. வேலை முடிந்து வந்து ஒரு டின் குடிப்பவர் என்றால் அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

மதுவை விலக்கச் சொன்னதற்கு அந்தச் சீலத்திலேயே காரணம் இருக்கிறது: அது கவனமின்மைக்கு இடம் கொடுக்கிறது. கவனமின்மை இன்று புட்டியில் மட்டும் வருவதில்லை. வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் இந்தச் சீலத்தை இக்காலத்துக்காக விரித்து எழுதியபோது, மதுவோடும் போதைப்பொருளோடும் சூதாட்டத்தையும், சிலவகை இணையத்தளங்களையும், மின்னியல் விளையாட்டுகளையும் சேர்த்தார். இரவு இரண்டு மணிக்குப் படுக்கையில் கிடந்தபடி, முகம் தெரியாத ஒருவன் அனுப்பிய செய்திக்கு "ஓகே" என்று தட்டுகிற விரல் குடித்திருக்கவில்லை. ஆனாலும் மயக்கத்தில்தான் இருந்தது. டெலிகிராம் காலத்துக்கு இது உதவுமா என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்தவரை இந்த ஐந்தில் அதிகமாக உதவுவது இதுதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மகனின் கைப்பேசியைப் பிடுங்கினால் உதவாது. இரவில் நீங்கள் மூவருமே கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போனால் உதவலாம்.

மாமியாருக்கு வருகிறேன். அவரிடம் வாதாடாதீர்கள், வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதையும் விடாதீர்கள். ஐந்து சீலங்களில் ஒன்றுகூட நம் வீட்டுக்கு அந்நியம் இல்லை. திருக்குறளில் கொல்லாமைக்கும் கள்ளாமைக்கும் வாய்மைக்கும் பிறனில் விழையாமைக்கும் கள்ளுண்ணாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. கள்ளுண்ணாமைக்கு அடுத்த அதிகாரமே சூது. மணிமேகலை முழுக்கப் பௌத்தக் காப்பியம், தமிழில் எழுதியது. ராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரையைக் கட்டுவித்தது நாம் இன்று வாழும் இந்த வட்டாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய அரசமரபு. அதற்குச் சோழன் நிலம் கொடுத்தான். இதையெல்லாம் அத்தையிடம் ஒப்பிக்க வேண்டாம். உங்கள் மனதில் குற்ற உணர்ச்சி இருந்தால் அது போவதற்காகச் சொன்னேன்.

கடைசியாக உங்கள் கணவரின் கேள்வி. அவர் ஏளனமாகக் கேட்டிருந்தாலும் நியாயமான கேள்விதான், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சிகாலன் என்ற இல்லறத்தானுக்குப் புத்தர் சொன்ன அறிவுரை ஒன்று உண்டு. அதில் பெற்றோர் பிள்ளைக்குச் செய்ய வேண்டியவை ஐந்து வருகின்றன: தீமையிலிருந்து தடுப்பது, நன்மையில் நிலைநிறுத்துவது, தொழில் கற்பிப்பது, தக்க துணையைத் தேடிக் கொடுப்பது, உரிய காலத்தில் சொத்தை ஒப்படைப்பது. தடுப்பதுதான் முதலில் நிற்கிறது. பிள்ளையைப் பொய் சொல்லாமல் தடுப்பது பிள்ளைக்குச் செய்யும் கடமை என்று அவரிடம் சொல்லுங்கள். அதோடு, அவர் பயப்படுவது உங்களுக்கும் புரிகிறது, நீங்களும் பயந்துபோய்த்தான் இருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நான் பொய் சொல்ல மாட்டேன்" என்ற உங்கள் வாக்கியம் அவர் காதில் "நான் உங்களோடு இல்லை" என்று விழுந்திருக்கிறது. "நான் பொய் சொல்ல மாட்டேன், ஆனா எங்க கூப்பிட்டாலும் நாம மூணு பேரும் சேர்ந்தே போவோம்" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

என்ன சொல்வது என்ற முடிவை மகன்தான் எடுக்க வேண்டும். அவனுக்கு 19 வயது, வாக்குமூலம் அவனுடையது. நீங்கள் உங்கள் பங்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டு அவன் பேச இடம் விடுங்கள்.

வழக்கறிஞரைப் பார்க்க இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள். வங்கியிலிருந்து வந்த கடிதம், காவல்துறையின் அழைப்பு, டெலிகிராம் உரையாடலின் படங்கள், கணக்கு அறிக்கை இவற்றை ஒரே கோப்பில் வைத்து எடுத்துப் போங்கள். அதற்கு உங்கள் கணவரையும் கூப்பிடுங்கள். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும், மறைத்தால் என்ன ஆகும் என்று வழக்கறிஞரிடம் அவரே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நாள்கணக்காக வீட்டில் வாதாடுவதைவிட அது சீக்கிரம் வேலை செய்யும். விசாரணை முடிந்தபின் எழுதுங்கள். உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்தில் தமிழ் பேசும் ஆலோசகர் இருக்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள். தந்தையும் மகனும் மறுபடி பேசத் தொடங்க ஒரு மூன்றாம் ஆள் வேண்டியிருக்கும்.